உங்களுக்குத் தெரியுமா? தொலைதூரக் கோளையும் படம் பிடிக்கலாம்!

வேறு விண்மீன்களைச் சுற்றும் ஆயிரக்கணக்கான கோள்களில் பெரும்பாலானவற்றை நாம் நேரில் பார்த்ததே இல்லை. விண்மீனின் ஒளி மங்குவதையும் அது லேசாகத் தள்ளாடுவதையும் வைத்தே அவை கண்டறியப்பட்டன. நேரடியாகப் படமெடுக்கப்பட்டவை மிகச் சில.

● ஏன் கடினம்? கண்ணுக்குத் தெரியும் ஒளியில் சூரியன் பூமியைவிட ஏறத்தாழ 1,000 கோடி மடங்கு பிரகாசமானது. அந்தக் கண்கூச்சத்தில் கோள் காணாமல் போய்விடும்.

● உத்தி என்ன? எதிர்வெயிலில் உள்ளங்கையால் சூரியனை மறைத்துப் பார்ப்போமே, அதேதான்! தொலைநோக்கிக்குள் இருக்கும் ‘கரோனாகிராஃப்’ விண்மீனின் ஒளியை மறைத்துவிடும்.

● நான்கு புள்ளிகள்: பெகாசஸ் மண்டலத்தில், சுமார் 130 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது எச்.ஆர். 8799 விண்மீன். ஹவாயின் கெக், ஜெமினி தொலைநோக்கிகள் எடுத்த படங்களில் அதன் 3 கோள்கள் 2008-ல் வெளிப்பட்டன, 2010-ல் நான்காவது. வியாழனைவிடப் பல மடங்கு கனமான இந்த இளம் கோள்களுக்குப் பிறந்த சூடு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் அகச்சிவப்பு ஒளியில் மின்னுகின்றன. பல ஆண்டுப் படங்களைக் கோத்துப் பார்த்தால், நான்கு புள்ளிகளும் மெல்ல நகர்வது தெரியும்!

● புதுச் செய்தி: ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படங்கள் இக்கோள்களில் கார்பன் டை ஆக்சைடு இருப்பதை 2025-ல் காட்டின.