உழாமல் விட்ட புல்

மெத்தை உறைத் துணியில் தைத்த ஒரு பை. பொஹீமியாவிலிருந்து கப்பலேறி வந்து, நெப்ராஸ்காவில் மண்ணைக் குடைந்து குடியிருக்கும் ஒரு குடும்பத்தின் மரப்பெட்டிக்குள் அது கிடக்கிறது. வீட்டில் சாப்பிட அழுகத் தொடங்கிய உருளைக்கிழங்குதான் மிச்சம். ஆனாலும் உதவி கொண்டுவந்த பக்கத்துப் பண்ணை அம்மாளை வெறுங்கையோடு அனுப்ப அந்த வீட்டுக்காரிக்கு மனம் வரவில்லை. பையைப் பிரித்து ஒரு கோப்பை அளந்து, கந்தல் துணியில் முடிந்து கொடுக்கிறாள். பழுப்பு நிறத்தில் மரச்சீவல் மாதிரி ஏதோ. உப்பும் மண்ணும் கலந்த வாசனை. வீடு திரும்பியதும் அந்த அம்மாள் முடிச்சைத் தூக்கி அடுப்பில் போட்டுவிடுகிறாள். எந்த விலங்கின் இறைச்சியோ, யார் கண்டது? பேரன் ஜிம் மட்டும் ஒரு துணுக்கைக் கடித்துப் பார்க்கிறான். அது ஏதோ ஒரு பொஹீமியக் காட்டில் பொறுக்கி உலர்த்திய காளான் என்று அவனுக்குத் தெரியவரப் பல வருடங்கள் ஆகின்றன.

வில்லா கேதர் 1918இல் வெளியிட்ட ‘மை ஆன்டனியா’ நாவலில் இந்தக் காட்சிக்கு அதிக இடமில்லை. கேதர் எப்படிப்பட்ட எழுத்தாளர் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். வந்தவர்கள் உயிரைப்போல் பொத்திக்கொண்டு வந்த ஒன்றை, ஏற்கெனவே இருந்தவர்கள் கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலே நெருப்பில் போடுகிறார்கள். கதாசிரியர் குரலை உயர்த்துவதே இல்லை.

கேதர் நெப்ராஸ்காவில் பிறந்தவர் அல்ல. 1873இல் வர்ஜீனியா மலைப்பகுதியில் பிறந்து, 1883இல் ஒன்பது வயதுப் பெண்ணாக வெப்ஸ்டர் கவுண்டிக்கு வந்து சேர்ந்தார். ரிபப்ளிகன் ஆற்றுக்கும் லிட்டில் புளூ ஆற்றுக்கும் நடுவிலுள்ள மேட்டுநிலம் அது. மரம் இல்லை, வேலி இல்லை, கண்ணுக்கெட்டிய மட்டும் செம்புல். அந்தப் புல்லின் வேர் ஓர் ஆள் உயரத்துக்கும் கீழே போகும். அதனால் மேல்மண்ணைப் பாளம் பாளமாக வெட்டிச் செங்கல்லைப் போல் அடுக்கி வீடு கட்டினார்கள். மரம் அத்தனை அபூர்வமானதால், எங்காவது ஒன்று நின்றால் உறவினரைப் பார்த்து வருவதுபோல் போய்ப் பார்த்து வந்தார்களாம். பொஹீமியாவின் செக் மக்கள், சுவீடர், நார்வேக்காரர், ஜெர்மானியர் என்று அக்கம்பக்கத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மொழி. கேதர் வண்டியிலும் குதிரையிலும் ஏறி அந்த வீடுகளுக்குப் போய், கிழவிகளின் பேச்சைப் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கேட்டு வளர்ந்தார். ஒன்றரை வருடத்தில் குடும்பம் ரெட் கிளௌட் என்ற ரயில்வே ஊருக்குக் குடிபெயர்ந்தது.

அங்கே அவர்கள் வாடகைக்கு எடுத்த சின்ன மரவீடு இன்றும் இருக்கிறது. கூரைக்குக் கீழே பரண் மாதிரியான இடத்தில் தடுத்த ஓர் அறை. நிமிர்ந்தால் தலை இடிக்கும். பதின்வயதில் மருந்துக்கடையில் வேலை பார்த்த கேதர், கூலிக்குப் பதிலாக ரோஜாப்பூ போட்ட சுவர்க்காகிதச் சுருள்களை வாங்கிவந்து தன் கையாலேயே ஒட்டினார். அந்தக் காகிதம் பழுப்பேறி, விளிம்பு உரிந்து, இன்னும் சுவரில் ஒட்டியிருக்கிறது. எழுத்தாளர்களின் நினைவில்லங்களில் மேசையும் பேனாவும் காட்டுவார்கள். எனக்கு அவற்றில் பெரிய நம்பிக்கை கிடையாது. பதின்வயதுப் பெண் ஒருத்தி எனக்கென்று ஓர் அறை வேண்டும் என்று பசை தடவி ஒட்டிய காகிதம் வேறு ரகம்.

நிலத்துக்கு வருவோம். கேதர் எழுதும்போதே அந்தப் புல்வெளி போய்விட்டிருந்தது. 1913இல் ‘ஓ பயனியர்ஸ்!’ வந்தபோது மேட்டுநிலம் முழுக்க உழவாகி, கோதுமையும் சோளமும் சதுரம் சதுரமாக நின்றன. பிட்ஸ்பர்கிலும் நியூயார்க்கிலும் பத்திரிகை வேலை பார்த்து, மெக்ளூர்ஸ் இதழின் நிர்வாக ஆசிரியராகவும் இருந்த நாற்பது வயதுப் பெண்மணி, தான் சிறுமியாகப் பார்த்த நிலத்தை நினைவிலிருந்து எழுதினார். அதாவது, அன்றைய நிலத்தையும் இன்றைய நிலத்தையும் ஒப்பிடும் வேலையை அவர் நாவல்களே தொடங்கிவிட்டன.

சதுரங்களும் இப்போது வட்டங்களாகிவிட்டன. 1952இல் காப்புரிமை பெற்ற, நடுவில் முளையடித்துச் சுழலும் நீர்ப்பாசனக் குழாய் நெப்ராஸ்காவின் முகத்தையே மாற்றிவிட்டது. விமானத்தில் போகிறவர்கள் ஜன்னல் வழியே பார்த்தால் பச்சைத் தட்டுகளை வரிசையாகக் கவிழ்த்து வைத்ததுபோல் தெரியும். தண்ணீர் நிலத்தடியிலிருந்து வருகிறது. 1935இல் நூறு பேருக்கு மேல் பலிகொண்ட ரிபப்ளிகன் ஆற்றில், கவுண்டிக்கு மேற்கே அணை கட்டிக் கடிவாளம் போட்டாயிற்று. பண்ணைகள் பெருத்தன, ஆட்கள் குறைந்தார்கள். 1910இல் வெப்ஸ்டர் கவுண்டியில் ஏறக்குறைய 12 ஆயிரம் பேர். 2020இல் சுமார் 3,400. ரெட் கிளௌட் ஊரில் ஆயிரம் பேர்கூட இல்லை. கேதர் கதைகளில் ஊரின் உயிர்நாடியே பயணிகள் ரயில்தான். இப்போது பயணிகள் ரயிலைப் பிடிக்க வடக்கே சுமார் 40 மைல் போய் ஹேஸ்டிங்ஸில் ஏற வேண்டும்.

இப்படிப்பட்ட ஊர் மற்ற நூற்றுக்கணக்கான சமவெளி ஊர்களைப்போல் வதங்கிப் போயிருக்க வேண்டியது. ரெட் கிளௌடைத் தாங்கி நிற்பது ஒரு நாவலாசிரியரின் பெயர். 1955இல் மில்ட்ரெட் பென்னெட் என்பவர் முன்னின்று தொடங்கிய நினைவு அமைப்பு, வீடுகளையும் கட்டடங்களையும் ஒவ்வொன்றாக மீட்டது. 1885இல் கட்டிய ஆப்பெரா ஹவுஸின் மேடையில்தான் 1890இல் கேதர் பள்ளிப்படிப்பு முடித்த உரையை ஆற்றினார். பாழடைந்து கிடந்த அந்த மாடி அரங்கு 2003இல் மறுபடி திறந்தது. 2017இல் தேசிய வில்லா கேதர் மையமும் வந்தது. ஆன்டனியாவுக்கு மூலமான ஆனி பவெல்கா 1955 வரை உயிரோடு இருந்தார். அவருடைய பண்ணையில் பழ ஜாடிகள் அடுக்கி வைக்கும் நிலவறை இருக்கிறது. நாவலின் கடைசிப் பகுதியில், அந்த இருட்டறையிலிருந்து ஆன்டனியாவின் பிள்ளைகள் வெயிலுக்குள் குபுகுபுவென்று ஓடிவருவார்கள். வாசகர்கள் இன்று அதே படிகளில் இறங்கிப் பார்த்து ஏறிவருகிறார்கள்.

நாவலில் இன்னொரு இடம் உண்டு. அந்தக் காளான் பை வீட்டுக்காரர், ஆன்டனியாவின் அப்பா ஷிமெர்டா, வயலின் வாசித்தவர். முதல் குளிர்காலத்திலேயே தற்கொலை செய்துகொள்கிறார். கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைக்காமல், நிலத்தின் மூலையில், பிற்காலத்தில் இரண்டு பாதைகள் சந்திக்கப்போகும் இடத்தில் புதைக்கிறார்கள். பின்னர் பாதைகள் வந்தபோது கல்லறையின் மேல் ஏறாமல் லேசாக வளைந்து போகின்றன. சுற்றிலும் எல்லாம் உழுதாகிவிட்ட பிறகும் அந்தத் துண்டில் மட்டும் பழைய செம்புல் நிற்கிறது.

1974இல் இந்தக் கற்பனை நிஜமானது என்றே சொல்லலாம். ரெட் கிளௌடுக்குத் தெற்கே, ஏர் படாத 600 ஏக்கருக்கு மேற்பட்ட புல்வெளியை நேச்சர் கன்சர்வன்சி வாங்கி கேதர் பெயரில் காப்பாற்றியது. 2006இல் அது கேதர் அமைப்பின் கைக்கு வந்தது. காப்பாற்றுவது என்றால் வேலி போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பதில்லை. நெருப்பும் மேய்ச்சலும் இல்லாவிட்டால் சீடர் மரம் முளைத்துப் புல்லை விழுங்கிவிடும். அன்று மரத்தைக் கண்டால் விருந்தாளியைக் கண்டதுபோல் மகிழ்ந்த ஊரில், இன்று மரத்தை வெட்டுகிறார்கள், கணக்குப் பார்த்துத் தீ வைக்கிறார்கள். வாஷிங்டன் கேபிடல் கட்டடத்தில் நெப்ராஸ்காவின் சார்பாக நின்றவர் ஸ்டெர்லிங் மார்ட்டன். 1872இல் மரம் நடும் நாளைத் தொடங்கிவைத்தவர். 2023 ஜூனில் அவர் சிலையை எடுத்துவிட்டு வில்லா கேதரின் வெண்கலச் சிலையை வைத்தார்கள். மரக்காரர் போய்ப் புல்காரி வந்தாள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சிலையைச் செய்தவர் லிட்டில்டன் ஆல்ஸ்டன். கேபிடலின் அந்தச் சிலைத் தொகுப்பில் இடம்பெற்ற முதல் கறுப்பினச் சிற்பி அவர்.

காளானை அடுப்பில் போட்ட கதைக்கு ஒரு பின்கதை இருக்கிறது. முதல் உலகப்போர் முடிந்த கையோடு, 1919இல், நெப்ராஸ்கா ஒரு சட்டம் போட்டது: எட்டாம் வகுப்பைத் தாண்டாத பிள்ளைக்கு ஆங்கிலம் தவிர வேறு மொழி கற்பிக்கக் கூடாது. ராபர்ட் மேயர் என்ற ஆசிரியர் பத்து வயதுப் பையனுக்கு ஜெர்மன் வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார், அபராதம் விதித்தார்கள். கேதர் 1921இல் ஒமாஹா மேடையில் இந்தச் சட்டத்தை வெளிப்படையாகவே சாடினார். 1923இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. செக் மக்கள் குடியேறிய கால்ஃபாக்ஸ் கவுண்டியின் ஸ்கைலர் ஊரில் இன்று இறைச்சி ஆலைத் தொழிலாளர்கள் ஸ்பானிஷ் பேசுகிறார்கள். அவர்களும் ஊரிலிருந்து ஏதோ ஒரு பையைக் கொண்டுவந்திருப்பார்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று பக்கத்து வீட்டார் கேட்டார்களா?

கேதரை வாசித்த விதமும் ஒரே சீராக இருக்கவில்லை. ‘ஒன் ஆஃப் அவர்ஸ்’ நாவலுக்கு 1923இல் புலிட்சர் கிடைத்தது. ஹெமிங்வேயோ, அதிலுள்ள போர்க்காட்சி சினிமாவிலிருந்து சுட்டது என்று நண்பருக்குக் கடிதம் எழுதி ஏளனம் செய்தார். அந்த நாவலின் பிற்பாதி பலவீனமானது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அவர் கேலியில் ‘பெண்ணுக்கு யுத்தம் பற்றி என்ன தெரியும்’ என்ற இளக்காரம் கலந்திருந்தது. 1930களில் இடதுசாரி விமர்சகர்கள், பஞ்ச காலத்தில் பழங்கதை பேசுகிறவர் என்று ஒதுக்கினார்கள்.

அவரும் சளைத்தவரில்லை. ‘எ லாஸ்ட் லேடி’ 1934இல் இரண்டாம் முறை சினிமாவாகி வந்த லட்சணத்தைப் பார்த்தபின், தன் கதைகளை யாரும் படமெடுக்கக் கூடாது, கடிதங்களை அச்சிடக் கூடாது என்று உயிலில் எழுதிவைத்தார். உரிமைக்காலம் முடிந்ததும் தொலைக்காட்சிப் படங்கள் வந்துவிட்டன. ஆய்வாளர்களோ கடிதங்களைப் படித்துவிட்டு, மேற்கோள் காட்ட முடியாமல் சொந்த வாக்கியத்தில் சுற்றிவளைத்து எழுதியே பல பத்தாண்டுகளைக் கழித்தார்கள். 2013இல்தான் தேர்ந்தெடுத்த கடிதங்கள் நூலாயின. ஏறக்குறைய 40 வருடம் அவரோடு வாழ்ந்த ஈடித் லூயிஸ், வீட்டுத் தோழி மட்டுமல்ல, கைப்பிரதிகளைத் திருத்திய எடிட்டரும்கூட என்பது இன்று நிறுவப்பட்ட விஷயம். இருவரும் நியூ ஹாம்ப்ஷயரின் ஜாஃப்ரியில் அருகருகே அடக்கமாகியிருக்கிறார்கள். கேதரின் கல்லறைக் கல்லில் பிறந்த ஆண்டு 1876 என்றிருக்கும். தப்பு. வயதைக் குறைத்துச் சொல்லும் பழக்கம் கல்லறைவரை கூடவே போயிருக்கிறது.

இன்றைய வாசகர்கள் கேட்கும் கேள்விகள் கடுமையானவை, கேட்கப்பட வேண்டியவை. ரெட் கிளௌட் ஊருக்கு லகோட்டா தலைவர் ஒருவரின் பெயர். அந்த ஆற்றோரம் பானி மக்களின் நிலமாக இருந்தது. கேதர் குடும்பம் வருவதற்குப் பத்து ஆண்டுகூட இல்லாத காலத்தில்தான் அவர்கள் நெப்ராஸ்காவை விட்டு ஓக்லஹோமா பக்கம் போக நேர்ந்தது. நாவலில் குதிரைகள் ஓடிய ஒரு பழைய வட்டத்தடம் புல்லில் மங்கலாகத் தெரிவதோடு அவர்கள் கதை முடிகிறது. அதே புத்தகத்தில் வரும் பார்வையற்ற கறுப்பினப் பியானோக் கலைஞரின் சித்திரம் இப்போது படிக்கக் கூசுகிறது. செக் வீட்டுக்காரியின் பைக்குள் எட்டிப்பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு, அந்த வட்டத்தடத்தின் சொந்தக்காரர்கள் தென்படவில்லை. இந்தக் குறையை வைத்து அவரை மூடிவைக்க எனக்கு மனமில்லை. குறையை மறைத்துப் பாராட்டவும் முடியாது.

முதல்முறை படிக்கிறவர்கள் பரிசு வாங்கிய நாவலைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ‘மை ஆன்டனியா’வில் தொடங்குங்கள். உரிமைக்காலம் தீர்ந்த நூல், இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. ஆரம்பத்தில் புல்லும் வானமுமாக நீண்டுகொண்டே போகிறதே என்று சலிப்பு தட்டினால், அந்தக் காளான் பை வரும்வரை பொறுத்திருங்கள்.