திருகோணமலைக் கல்லறைகளும் ஸ்கொத்லாந்து உறவுகளும்

1795 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே, கேணல் ஜேம்ஸ் ஸ்டுவர்ட்டின் தலைமையில் வந்த பிரித்தானியப் படை திருகோணமலைக் கோட்டையை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றிற்று. அப்படையில் ஸ்கொத்லாந்தின் மலைநாட்டவரைக் கொண்ட 72 ஆம் படைப்பிரிவும் இருந்தது. அன்று தொடங்கி, 1957 இல் கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்படும்வரை, ஸ்கொத்லாந்தியர் போர்வீரராகவும் மாலுமிகளாகவும் இத்துறைமுகத்துக்கு வந்தவண்ணம் இருந்தனர். சிலர் இங்கேயே மடிந்தனர். சிலர் இந்நாட்டுப் பெண்களிடத்தே பிள்ளைகளைப் பெற்று, அப்பிள்ளைகளுக்குத் தம் பெயரை மட்டும் விட்டுச் சென்றனர். ஆகவே தேடுவோரும் இருதிறத்தினர். தம் முன்னோன் புதைக்கப்பட்ட இடத்தை ஸ்கொத்லாந்திலிருந்து வினவுவோர் ஒரு சாரார். தம் குடும்பப் பெயரின் ஊற்றை அறிய விழையும் இங்குள்ள பறங்கியர் மறுசாரார்.

முதற் சாராருக்குக் கல்லறைக் கல்லே தொடக்கம். மழையாலும் உப்புக்காற்றாலும் எழுத்து அழிந்த கற்கள் பலவாயினும், பென்றி லூயிஸ் என்னும் அரசாங்க அதிகாரி இலங்கைக் கல்லறை வாசகங்களைத் திரட்டி 1913 இல் நூலாக வெளியிட்டமை பெரும்பேறு. ஆனால் கல் நாட்டப்பெறும் வாய்ப்பு அதிகாரிகளுக்கே மிகுதி. சாதாரணச் சிப்பாய்க்கு அரிது. அவனுடைய பிறந்த ஊரை ஓய்வூதியப் பத்திரங்களில் தேடிக் காலத்தை வீணாக்குவோர் பலர். சேவையிலேயே இறந்தவனுக்கு ஓய்வூதியம் ஏது? லண்டனை அடுத்த கியூ ஆவணக் காப்பகத்திலுள்ள படை இறப்புப் பட்டியல்களையே நாடவேண்டும். இரண்டாம் உலக யுத்தத்தில் இறந்து உப்புவெளிச் சேமக்காலையில் அடக்கம் பெற்றோரைப் பொறுத்தமட்டில் வேலை எளிது. பொதுநலவாய யுத்தக் கல்லறை ஆணைக்குழுவின் பதிவேடு, பலருக்குப் பெற்றோரின் பெயரையும் ஊரையுமே தருகின்றது.

ஊர் தெரிந்தபின் ஸ்கொத்லாந்துப் பதிவுகள் கைகொடுக்கும். அங்கே பிறப்பு, விவாகம், இறப்பு ஆகியவற்றை அரசாங்கம் பதியத் தொடங்கியது 1855 இல். அதற்கு முந்தியவற்றுக்குக் கோயிற்பற்றுப் பதிவேடுகளே கதி. ஆயினும் அந்நாட்டு வழக்கத்தில் ஒரு நன்மை உண்டு. மணமான பெண்ணின் பிறந்தகப் பெயர் ஆவணங்களில் மறைவதில்லை. இறப்புப் பத்திரம் இறந்தவரின் தாயுடைய பிறந்தகப் பெயரையும் கூறும். இதன் பயன் பெரிது. இருபது வயதில் இறந்த மாலுமிக்குப் பெரும்பாலும் மக்கள் இல்லை. அவனுடைய பெற்றோர்வரை ஏறி, அவன் சகோதரிகளின் வழியாக இறங்கினாலன்றி இன்று வாழும் உறவினரை அடைதல் இயலாது. மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரையும் அடுத்தவனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயரையும் இடும் பழைய வழக்கும் ஒரு துப்பு. பாட்டன் பெயரைத் தாங்குபவனைப் பேரன் என்னும் தமிழர்க்கு இது புதுமையன்று. ஆனால் ஒரே குலப்பெயர் உடையோர் அனைவரும் ஒரே இரத்தம் என எண்ணலாகாது. தலைவனின் பெயரைக் குடிகளும் சூடிக்கொண்டதுண்டு.

பறங்கியர் தேட்டம் இதனினும் கடினம். ஞானஸ்நானப் பதிவேட்டில் தந்தையின் பெயர் இருக்கும். தாய்க்கோ சிலவிடத்து ஒற்றைக் கிறிஸ்தவப் பெயர், சிலவிடத்து அதுவுமில்லை. ஏடு நின்றுவிடும் அவ்விடத்தில் இக்காலத்தார் மரபணுப் பரிசோதனையை நாடுகின்றனர். இரண்டு பாட்டன்மார் உடன்பிறந்தோராயின், அவர்தம் பேரப்பிள்ளைகளிடையே பொதுக்கூறு தப்பாது புலப்படும். அதற்கு அடுத்த தலைமுறையில் நூற்றுக்கு ஏறத்தாழ 90 பேரிடத்தும், அதற்கும் அடுத்ததில் பாதிப்பேரிடத்துமே புலப்படும். எனவே வீட்டிலுள்ள மிக முதியவரின் உமிழ்நீரை முதலிற் பெறுதல் அறிவுடைமை.

அப்பரிசோதனை தாய்வழியையும் சேர்த்தே காட்டவல்லது. எனினும் அப்பட்டியல்களிற் பதிந்திருப்போர் மிகப் பெரும்பாலும் ஐரோப்பிய வழியினர். அதனால் அபர்டீனில் வாழும் தூரத்து உறவினர் விரைவில் அகப்படுவர். பெயர் எழுதப்படாத அத்தாயின் சுற்றத்தாரோ, மூதூரிலோ அடுத்த தெருவிலோ வாழ்ந்தும் அகப்படார்.