கல்லாப்பெட்டி ஃபோனுக்குள் போனபின்

எந்தப் படத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம், எதற்குக் கூடாது என்பதில் பாலக்காட்டின் கிழக்கெல்லைத் தமிழர்களுக்குப் பெரிய குழப்பம் எதுவும் கிடையாது. கொழிஞ்சாம்பாறையிலிருந்தோ மீனாட்சிபுரத்திலிருந்தோ பொள்ளாச்சிக்குப் படம் பார்க்கப் போகிறவர்கள் போஸ்டரில் 'ஏ' இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுவார்கள். 2023-ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 'யுஏ' சான்றிதழும் யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என்று பிரிந்துவிட்டது. ஓடிடி தளங்களிலும் இதே மாதிரி எண்கள் வருகின்றன. அதே வீட்டில், அதே சோபாவில், பையன் கையிலிருக்கும் ஃபோனில் ஓடுகிற விளையாட்டுக்கும் இப்படி ஒரு வயது எண் உண்டு என்பதுதான் பலருடைய கண்ணில் படாமல் போகிறது.

அதற்கு அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. பிளே ஸ்டோரில் ஒரு விளையாட்டின் பக்கத்தைத் திறந்தால், பெயருக்குக் கீழே ஒரே வரிசையில் மூன்று விவரங்கள் நிற்கும்: எத்தனை நட்சத்திரம், எத்தனை கோடிப் பேர் இறக்கியிருக்கிறார்கள், பிறகு ஒரு சின்னக் கட்டத்துக்குள் 3+, 7+, 12+, 16+, 18+ என்பவற்றில் ஏதோ ஒன்று. கண் நட்சத்திரத்துக்குத்தான் போகும். நாலரை நட்சத்திரம் வாங்கிய விளையாட்டு நல்ல விளையாட்டாகத்தானே இருக்க வேண்டும்? நட்சத்திரம் போட்டவர்கள் விளையாடுகிறவர்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது ஆகுமா என்று யோசித்து அவர்கள் போடவில்லை.

இந்த எண்கள் பிறந்த கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1993 டிசம்பரில் 'மார்ட்டல் காம்பாட்', 'நைட் டிராப்' ஆகிய விளையாட்டுகளின் காட்சிகளைச் செனட் விசாரணையில் போட்டுக் காட்டினார்கள். அரசே சட்டம் போட்டுவிடுமோ என்ற பயத்தில் விளையாட்டுத் தொழில்துறை தானாகவே 1994-ல் ஈஎஸ்ஆர்பி என்ற தரமிடும் அமைப்பை ஏற்படுத்தியது. ஐரோப்பாவில் 2003-ல் பெகி வந்தது. பெட்டியின் முன்பக்கம் எழுத்து அல்லது எண், பின்பக்கம் அதற்கான காரணம்: வன்முறை, கெட்ட வார்த்தை, சூதாட்டம்.

முத்திரை ஒட்டியதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2000-ல் பதின்ம வயதுப் பிள்ளைகளையே ரகசிய வாடிக்கையாளர்களாகக் கடைக்கு அனுப்பிப் பார்த்தது. 17 வயது நிரம்பியோருக்கான 'எம்' முத்திரை குத்திய விளையாட்டை நூற்றுக்கு 85 பிள்ளைகள் தடையில்லாமல் வாங்கி வந்துவிட்டார்கள். 2013-ல் அதே ஆணையம் வெளியிட்ட கணக்கில் அது நூற்றுக்கு 13 ஆகக் குறைந்திருந்தது. இடையில் முத்திரை மாறவில்லை; கல்லாவில் நின்றவர்தான் மாறினார். வயதைக் கேட்கவும், கூட வந்த அப்பா அம்மாவிடம் இது என்ன விளையாட்டு என்று சொல்லவும் கடைக்காரர்கள் பழகிக்கொண்டார்கள். 2005-ல் 'ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்' விளையாட்டுக்குள் ஒளிந்திருந்த ஆபாசக் காட்சி அம்பலமாகி அதன் தரம் வயது வந்தோருக்கு மட்டும் என்று ஏற்றப்பட்டபோது, பெரிய கடைகள் அலமாரியிலிருந்தே அதை எடுத்துவிட்டன.

நம் பக்கம் அந்தக் கல்லா இருந்ததே இல்லை. ஒரு காலத்தில் பிரவுசிங் சென்டர்களில் பிள்ளைகள் வரிசையில் காத்திருந்து ஆடிய 'ஜிடிஏ வைஸ் சிட்டி'க்கு ஐரோப்பாவில் 18 என்ற முத்திரை. இங்கே அது பெட்டியோடும் வரவில்லை, முத்திரையோடும் வரவில்லை. விளையாட்டுகளுக்கு வயதுத் தரம் போடுவதற்கென்று சென்சார் போர்டு மாதிரி ஓர் அமைப்பும் இந்தியாவில் கிடையாது. நகரத்துக் கடைகளில் விற்கிற டிஸ்க்குகளில் இருப்பது ஐரோப்பிய அல்லது அமெரிக்க முத்திரைதான்.

கேரளத்தின் இன்னொரு தமிழ்ப் பகுதியான இடுக்கியின் தேயிலைத் தோட்டங்களுக்கு ஸ்மார்ட்ஃபோன் பரவலாக வந்து சேர்ந்தது பாடத்துக்காக. 2020 ஜூன் 1 அன்று கேரளம் 'ஃபர்ஸ்ட் பெல்' என்ற பெயரில் தொலைக்காட்சி, இணையம் வழியாக வகுப்புகளைத் தொடங்கியது. தமிழ் வழி மாணவர்களுக்கும் பாடங்கள் வந்தன. மூணாறு, தேவிகுளம் பகுதித் தொழிலாளர் லயங்களில் சிக்னல் கிடைக்கும் மேடு தேடிப் பிள்ளைகள் நடந்தார்கள். ஃபோன் வாங்க முடியாத வீடுகளுக்கு நன்கொடையாகவும் வந்தது. பள்ளி திறந்த பிறகு அந்த ஃபோன்கள் திரும்பிப் போய்விடவில்லை. அம்மா கொழுந்து கிள்ளப் போன நேரம் லயத்தில் பிள்ளையும் ஃபோனும்தான். அந்த ஃபோனிலேயே அம்மாவின் வங்கிக் கணக்கும் இருக்கும்.

2021-ல் ஆலுவாவில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் 'ஃப்ரீ ஃபயர்' விளையாட்டுக்காக அம்மாவின் கணக்கிலிருந்து சுமார் மூன்று லட்சம் ரூபாயைச் சிறுகச் சிறுகச் செலவழித்துவிட்ட செய்தி கேரளத்தையே உலுக்கியது. போலீஸ் விசாரித்தபோதுதான் பணம் போன வழி வீட்டாருக்குத் தெரிந்தது. டைமண்ட், ஸ்கின், டாப்-அப் என்று பிள்ளைகள் வாயில் புரளும் சொற்கள் எல்லாமே காசு சம்பந்தப்பட்டவை.

வயது எண்ணை நம்புகிற பெற்றோரும் ஏமாறுகிற இடம் இதுதான். அந்த எண் சொல்வது முக்கியமாக உள்ளடக்கத்தை: எவ்வளவு ரத்தம், எப்படிப்பட்ட பேச்சு. கால்பந்து விளையாட்டான 'ஃபிஃபா'வுக்கு ஐரோப்பாவில் மூன்று வயது முத்திரை. ஆனால் உள்ளே எந்த வீரர் வருவார் என்று தெரியாமலே காசு கொடுத்துப் பிரிக்கும் சீட்டுப் பொட்டலங்கள் இருந்தன. குலுக்கல் என்றால் நம் ஊரில் எல்லாருக்கும் புரியும், லாட்டரி டிக்கெட் விற்காத கடைவீதி கேரளத்தில் ஏது? எதிர்ப்பு வலுத்த பிறகு, 2020-ல்தான் அமெரிக்க, ஐரோப்பிய அமைப்புகள் இரண்டுமே இப்படிக் குலுக்கல் முறையில் பொருள் விற்கும் விளையாட்டுகளுக்குத் தனி எச்சரிக்கை வரியைச் சேர்த்தன. வயது எண் மட்டும் அப்படியே இருந்தது.

முன்பின் தெரியாத ஆள் பிள்ளையோடு பேச முடியுமா என்பதும் எண்ணில் தெரியாது. பிளே ஸ்டோரில் வயதுக் கட்டத்தைத் தொட்டால் வரும் சின்ன எழுத்துகளில், விளையாடுவோர் ஒருவரோடொருவர் பேசலாம், விளையாட்டுக்குள் பொருள் வாங்கலாம் என்ற குறிப்புகள் இருக்கும். எண்ணைவிட இந்த இரண்டு குறிப்புகள்தான் முக்கியம் என்பது இந்தக் கட்டுரையாளரின் கருத்து.

அந்த எண்ணைப் போடுவது யார்? பிளே ஸ்டோர் 2015 முதல் ஐஏஆர்சி என்ற பன்னாட்டு முறையைப் பின்பற்றுகிறது. விளையாட்டை உருவாக்கியவர் ஒரு கேள்வித்தாளை நிரப்புவார். அவருடைய பதிலை வைத்துக் கணினி ஒவ்வொரு நாட்டுக்கும் உரிய எண்ணைக் கொடுத்துவிடும். படத்துக்குச் சான்றிதழ் தரும் முன் நாலு பேர் உட்கார்ந்து பார்ப்பது போல இங்கே யாரும் முதலில் ஆடிப் பார்ப்பதில்லை. தவறு தெரிந்தால் பின்னால் திருத்துவார்கள். பிளே ஸ்டோருக்கு வெளியே ஏபிகே கோப்பாக நண்பன் அனுப்பும் விளையாட்டுக்கோ அந்த எண்ணும் இல்லை.

அரசுகள் இதுவரை கைவைத்தது வேறு இடங்களில். 2020 செப்டம்பரில் பப்ஜி தடை, 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் தடை, இரண்டும் பாதுகாப்புக் காரணம் சொல்லி வந்தவை. பப்ஜி 2021-ல் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பியது. ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் போகவே இல்லை. சூதாட்டத்தில் எல்லைக் கோடு வேடிக்கை காட்டியது. பணம் வைத்து ஆடும் ரம்மிக்குக் கேரளம் 2021 பிப்ரவரியில் போட்ட தடையை உயர் நீதிமன்றம் செப்டம்பரில் ரத்து செய்தது. கோபாலபுரம் எல்லைச் சாவடிக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு 2025-ல் பண விளையாட்டுகளைச் சிறுவர்களுக்கு மூடி, பெரியவர்களுக்கும் நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை பூட்டுப் போட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் பண விளையாட்டுகளையே நாடு முழுக்கத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. இத்தனைக்கும் நடுவில், டாப்-அப் கேட்கும் பத்து வயதுப் பிள்ளை யாருடைய கணக்கிலும் வரவில்லை.

கேரளத்தில் உருப்படியாக நடந்த ஒன்று உண்டு. 2022 மே மாதம் அரசின் கல்வித் தொழில்நுட்ப அமைப்பான கைட் நிறுவனம், உயர்நிலைப் பள்ளிகளின் 'லிட்டில் கைட்ஸ்' கணினி மன்ற மாணவர்களைக் கொண்டே தாய்மார்களுக்கு இணையப் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்தது. பெயர் 'அம்ம அறியான்'. பிள்ளைகள் பாடம் எடுக்க, அம்மாக்கள் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இந்தப் பயிற்சி எல்லைப் பகுதிகளில் தமிழில், பள்ளி பிடிஏ கூட்டத்திலும் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களின் அயல்கூட்டத்திலும் ஆண்டுதோறும் நடக்க வேண்டும். கேட்பதற்கு உரிமையும் இருக்கிறது: அரசோடு தமிழில் கடிதத் தொடர்பு கொள்ள இங்குள்ள தமிழ்ச் சிறுபான்மையினருக்கு 1969-ம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமே இடம் தந்துவிட்டது.

அதுவரை, வாங்கும் நாளிலேயே ஃபோன் கடைக்காரரிடம் ஒரு வேலை வாங்கிக்கொள்ளலாம். ஸ்கிரீன் கார்டு ஒட்டும் நேரம்கூட ஆகாது. பிளே ஸ்டோரில் மேலே இருக்கும் முகப்படத்தைத் தொட்டு, செட்டிங்ஸ், அதில் ஃபேமிலி, அதில் பேரன்ட்டல் கன்ட்ரோல்ஸ். நாலு இலக்க பின் கேட்கும். அதைப் பிள்ளைக்குத் தெரியாமல் போட வேண்டும், பிறந்த ஆண்டு வேண்டவே வேண்டாம். பிறகு வயதைத் தேர்ந்தெடுத்தால் அதற்கு மேற்பட்ட விளையாட்டு இறங்காது. ஏற்கெனவே இறக்கியவை அப்படியே இருக்கும், அவற்றைக் கையால்தான் நீக்க வேண்டும். அதே செட்டிங்ஸில், எதை வாங்கினாலும் கடவுச்சொல் கேட்கும்படியும் வைக்கலாம். யுபிஐ பின்னைப் பிள்ளையிடம் சொல்லி ரீசார்ஜ் செய்யச் சொல்லும் வழக்கம் இருந்தால் அன்றே பின்னை மாற்றிவிடுவது நல்லது. தெரியாமல் பணம் போயிருந்தால் 48 மணி நேரத்துக்குள் கூகுளிடம் திரும்பக் கேட்டுப் பார்க்கலாம். மோசடி என்று பட்டால் சைபர் குற்ற உதவி எண் 1930. ஃபோனைப் பிடுங்கியதும் பிள்ளை சாப்பாட்டையும் தூக்கத்தையும் விட்டுவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கலாம்.