ஒரே ஒரு பொண்ணுக்காக ஒரு ரயில்... நிஜமா?

'ஜப்பான்ல ஒரே ஒரு ஸ்கூல் பொண்ணுக்காகத் தினமும் ரயில் ஓடுது. அவ படிப்பு முடிஞ்சாத்தான் ஸ்டேஷனை மூடுவாங்க'... இந்த மெசேஜ் உங்களுக்கும் வந்திருக்குமே? 2016 ஜனவரியில் சீனாவின் சிசிடிவி சேனல் ஃபேஸ்புக்கில் இதைப் போட, உலகமே உருகிப்போச்சு. ஆனா, விஷயம் பாதி நிஜம், பாதி பில்டப்!

ஸ்டேஷன் பேரு க்யூ-ஷிராடாக்கி. மெசேஜ்ல வந்ததோ அதே லைன்ல இருந்த காமி-ஷிராடாக்கியின் பேரு! ரெண்டுமே ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில், செகிஹொக்கு லைனில் இருந்தவை. 'ஷிராடாக்கி'ன்னா வெள்ளை அருவி. அதோட மேல், கீழ், பழைய என்று சேர்த்து மொத்தம் நாலு ஸ்டேஷன். ஒரே குடும்பப் பேரு!

ஸ்டேஷனைப் பெரிசா கற்பனை பண்ணிடாதீங்க. ஒரு சின்ன பிளாட்ஃபார்ம், மரத்தால ஒரு குட்டி வெயிட்டிங் ரூம். ஸ்டேஷன் மாஸ்டர், டிக்கெட் கவுன்ட்டர்... மூச்!

அப்போ டிக்கெட்? இங்கே டிரைவர்தான் ஆல் இன் ஆல். 'ஒன்-மேன்' ரயில்னு பேரு. பின் கதவில் ஏறும்போது மெஷின் ஒரு நம்பர் சீட்டு நீட்டும். டிரைவருக்கு மேலே உள்ள போர்டில் உங்க நம்பருக்கான கட்டணம் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ஏறிக்கிட்டே வரும். இறங்கும்போது முன் கதவுக்குப் போய், சீட்டையும் காசையும் பெட்டியில் போட்டால் முடிஞ்சது மேட்டர். இப்படி ஆள் செலவை மிச்சம் பிடிச்சுத்தான் குட்டி ஸ்டேஷன்கள் உயிரோட இருக்கு.

தினமும் அங்கே ஏறிய ஸ்கூல் மாணவி ஒருத்தி இருந்தது நிஜம். எங்கரு ஊர்ப் பக்கம் போக, காலையில் ஒரே ஒரு ரயில். விட்டா அன்னிக்கு லீவுதான்! திரும்பி வர மூணு ரயில். ஆனா, ரயில் ஓடினது அவளுக்காக மட்டும் இல்லை. அந்த லைனில் இருந்த எல்லா ஊருக்கும் சேர்த்துத்தான். 2016 மார்ச் 26-ல் ஸ்டேஷனை மூடினதுக்குக் காரணம், பயணிகள் குறைஞ்சதுதான். ஜப்பானில் ஸ்கூல் வருஷம் முடிவதும் மார்ச், ரயில் டைம்டேபிள் மாறுவதும் மார்ச். ரெண்டும் ஒண்ணா வர, சென்டிமென்ட் கதை ரெடி!

காமி, ஷிமோ ஷிராடாக்கிகளும் அதே நாளில் க்ளோஸ். இப்போ கமிகாவா விட்டா ஷிராடாக்கிதான். நடுவில் 37.3 கிலோமீட்டருக்கு ஸ்டேஷனே கிடையாது! அதே வருஷம் நவம்பரில், சுமார் 1,237 கிலோமீட்டர் பாதையைத் தனியா நடத்த முடியலைன்னு கையை விரிச்சது ஜேஆர் ஹொக்கைடோ கம்பெனி. அதன் மொத்தப் பாதையில் கிட்டத்தட்ட பாதி அது!

கம்பெனியைக் குறை சொல்றது ஈஸி. ஒருத்தர் ஏறினாலும் நூறு பேர் ஏறினாலும் தண்டவாளத்துப் பனியைத் தள்ளியாகணும், பாலத்தைப் பராமரிக்கணும். செலவு ஒண்ணுதான். ஆனா, 18 வயசு ஆகாம ஜப்பானில் கார் லைசென்ஸ் கிடையாது. ரயில் நின்னா முதல்ல மாட்டுறது ஸ்கூல் பசங்கதான். பிள்ளையைப் படிக்க அனுப்ப வழியில்லாத ஊருக்கு யார் குடிவருவாங்க? ஆள் குறைய ரயில் குறையும். ரயில் குறைய இன்னும் ஆள் குறையும்.

அதனால அடுத்த தடவை அந்த மெசேஜ் வந்தா, ஹார்ட்டின் போடுங்க, தப்பில்லை. கூடவே ஒரு கேள்வியும் கேளுங்க பாஸ்... அந்தப் பொண்ணுக்கு ஒரு ஜூனியர் இருந்திருந்தா?