பவர் ஸ்டியரிங் ஆயில்: எதை ஊற்றலாம், ஏன்?

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்கு ஏறும் சாலையில் 22 கொண்டை ஊசி வளைவுகள். ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங் உள்ள காரில், அந்த வளைவுகளில் சக்கரத்தைத் திருப்பும் பாரத்தின் பெரும்பங்கை, பம்ப் தள்ளும் ஆயில்தான் சுமக்கிறது. ஸ்டியரிங்கை ஒரே பக்கம் முழுதாக ஒடித்துப் பிடித்தால் அழுத்தம் உச்சத்துக்குப் போய் ஆயில் மளமளவென்று சூடாகும். அப்போதும் அது தண்ணீராக இளகக் கூடாது, நுரைக்கக் கூடாது. ஆயில் அமுங்காது, காற்றுக் குமிழி அமுங்கிவிடும். அதனால்தான் நுரைத்தால் பம்ப் முனகுகிறது, ஸ்டியரிங் கனக்கிறது.

சரி, எந்த ஆயில்? சில கார்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஊற்றும் சிவப்பு ஏடிஎஃப்; சிலவற்றுக்குப் பச்சை சிந்தெடிக். நிறத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள், அது வெறும் சாயம். கார் கையேட்டில் எழுதியிருக்கும் வகைதான் கணக்கு.

பிரேக் ஆயிலை மட்டும் ஊற்றவே ஊற்றாதீர்கள். வழக்கமான பிரேக் ஆயில் கிளைக்கால் வகை. ஸ்டியரிங்கின் ரப்பர் சீல்களோ பெட்ரோலிய ஆயிலுக்கென்று செய்யப்பட்டவை. கிளைக்கால் பட்டால் கெட்டு ஒழுகத் தொடங்கும். பிறகு எல்லாவற்றையும் கழற்றிச் சீல் மாற்ற வேண்டியதுதான்.

இன்றைய சிறிய கார்கள் பலவற்றில் சக்கரத்தைத் திருப்ப உதவும் வேலையை மின்மோட்டாரே செய்கிறது. அவற்றுக்கு இந்த ஆயிலே வேண்டாம். கடைக்குப் போகுமுன் பானெட்டைத் திறந்து, ஸ்டியரிங் ஆயில் டப்பா இருக்கிறதா என்று பாருங்கள்.