ஆல்கஹால் வினைகளை மனப்பாடம் செய்ய வேண்டாம்

புதுச்சேரி அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகளுக்கு 2023-24 கல்வியாண்டில் சிபிஎஸ்இ பாடத்திட்டம் வந்தது. அதுவரை புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடநூலையும், மாஹே கேரளப் பாடநூலையும், ஏனாம் ஆந்திரப் பாடநூலையும் பின்பற்றி வந்தன. இந்த மாற்றத்தால் தேர்ச்சி விகிதம் என்ன ஆகும் என்று நிறையப் பேசியிருக்கிறோம். பாடத்துக்குள் போய்ப் பேசியது குறைவு. பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் புத்தகத்தில் ஆல்கஹால் பாடத்தின் பயிற்சியில் ஒரு கேள்வி உண்டு. 3-மெத்தில்பியூட்டேன்-2-ஆல் ஹைட்ரஜன் புரோமைடுடன் வினைபுரிந்தால் 2-புரோமோ-2-மெத்தில்பியூட்டேன் கிடைக்கிறது, எப்படி? ஓஎச் இருந்த இடத்தில் புரோமின் வரும் என்று மனப்பாடம் செய்த மாணவர் இங்கே நின்றுவிடுவார். புரோமின் உட்கார்ந்திருப்பது பக்கத்துக் கார்பனில். சங்கிலிக்கு எண்ணிடும் திசை மாறுவதால் பெயரில் இரண்டு என்ற எண் அப்படியே இருக்கிறது, இடம் மாறியது கண்ணில் படுவதில்லை. அட்டவணையை ஒப்பிப்பதால் இந்தப் பாடம் வசப்படாது என்பதற்கு இந்த ஒரு கேள்வியே போதும்.

விடையை முன்கூட்டியே சொல்ல மூன்றைக் கேட்டால் போதும்: ஓஎச் விலகுவதற்கு யார் உதவுகிறார்கள், அது விலகினால் மிஞ்சும் கார்பன் நேர்மின்சுமையைத் தாங்குமா, தாங்காவிட்டால் பின்பக்கமாக வந்து தாக்க வழி இருக்கிறதா. எத்தனாலில் சோடியம் புரோமைடை மட்டும் போட்டுச் சூடாக்கினால் எத்தில் புரோமைடு வராது. அடர் கந்தக அமிலமும் சேர்ந்தால் வரும். ஹைட்ராக்சைடாகப் பிரிந்து போக ஓஎச்சுக்கு மனமில்லை. அமிலம் தரும் புரோட்டானை ஏற்றுக்கொண்டால் தண்ணீராக எளிதில் போய்விடும். அதற்குப் பிறகு வழி இரண்டாகப் பிரிகிறது. மூவிணைய ஆல்கஹாலில் தண்ணீர் முதலில் விலகி, கார்பன் நேர் அயனி உண்டாகி, ஹாலைடு பிறகு வருகிறது. ஓரிணையத்தில் ஹாலைடு பின்னாலிருந்து தள்ளும் அதே கணத்தில் தண்ணீர் வெளியேறுகிறது. இந்த இரு வழிகளையும் 1930-களில் லண்டனில் ஹியூஸும் இன்கோல்டும் தெளிவாக வகுத்துக் காட்டினார்கள். நம் கேள்வியில் இருப்பது ஈரிணைய ஆல்கஹால். அங்கே உருவாகும் அயனி, பக்கத்துக் கார்பனிலிருந்து ஒரு ஹைட்ரஜனை அதன் எலக்ட்ரான் இணையோடு இழுத்துக்கொள்கிறது. நேர்மின்சுமை மூவிணையக் கார்பனுக்குப் போய் நிலைப்படுகிறது. புரோமைடு அங்கே சேர்கிறது.

இதற்குச் சோதனைக்குழாயில் சாட்சி உண்டு. 1930-இல் ஹோவர்ட் லூகாஸ் வெளியிட்ட சோதனையில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஜிங்க் குளோரைடும் கலந்த கரைசல் பயன்படுகிறது. மூவிணைய ஆல்கஹால் பட்டவுடன் கலங்குகிறது. ஈரிணையத்துக்குச் சில நிமிடங்கள் ஆகும். ஓரிணையம் அறை வெப்பநிலையில் தெளிவாகவே நிற்கிறது. இத்தனையும் மாணவர்களுக்கு மனப்பாடம். ஆனால் பென்சைல் ஆல்கஹால் ஓரிணையமாக இருந்தும் உடனே கலங்குகிறது. அட்டவணைக்கு அது விதிவிலக்கு. காரணம் அறிந்தவருக்கு அது விதியேதான். பக்கத்திலிருக்கும் பென்சீன் வளையம் நேர்மின்சுமையைப் பகிர்ந்துகொள்வதால் அந்த அயனி எளிதில் பிறக்கிறது. வினைப்பொருளின் பெயரை மட்டும் நம்புவதும் ஆபத்து. தயோனைல் குளோரைடு பல ஈரிணைய ஆல்கஹால்களில் ஓஎச் இருந்த பக்கத்திலேயே குளோரினை வைக்கும். பிரெஞ்சு வேதியியலாளர் டார்சான் 1911-இல் காட்டிய முறைப்படி பிரிடினைச் சேர்த்தால் குளோரின் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். அட்டவணையில் இரண்டும் ஒரே வரிதான். மூலக்கூறின் அமைப்போ வலக்கைக்கு இடக்கை போல மாறிவிடுகிறது.

தேர்வுக்கு நேரம் போதாது, இப்போதுதான் பாடத்திட்டமே மாறியிருக்கிறது, அரசுப் பள்ளிப் பிள்ளைகள்மேல் இன்னும் சுமை ஏற்றலாமா என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம். ஆனால் சுமையாவது அட்டவணைதான். புதிய ஆல்கஹால் ஒவ்வொன்றுக்கும் அது ஒரு வரி நீள்கிறது. கேள்விகள் மூன்றாகவே இருக்கின்றன. இன்னொரு மறுப்பு கனமானது: ஈரிணையத்தில் இரு வழிகளும் கலந்து நடக்கலாம், பதிலீட்டோடு நீக்க வினையும் போட்டியிடும், பிறகு எப்படி முன்கூட்டிச் சொல்வது? உண்மைதான், துல்லியமான விகிதத்தை இந்தக் கேள்விகள் தராது. ஆனால் போட்டி எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லும். எத்தனால் அடர் கந்தக அமிலத்தோடு 413 கெல்வினில் ஈதரையும் 443 கெல்வினில் எத்திலீனையும் தருகிறது என்று அதே பாடம் சொல்கிறது. வெப்பம் கூடினால் நீக்கம் மேலோங்கும் என்று அறிந்தவர் இந்த இரு எண்களைக் குழப்பிக்கொள்ள மாட்டார்.

ஆகவே வேதியியல் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பாடத்தைத் தொடங்கும் நாளில் மூவகை ஆல்கஹால்களோடு பென்சைல் ஆல்கஹாலையும் மேசைமேல் வையுங்கள். லூகாஸ் கரைசல் புகையும், தோலை அரிக்கும். அதனால் சில துளிகளை நீங்களே, கண்ணாடி அணிந்து, காற்றோட்டமான இடத்தில் விடுங்கள். அதற்கு முன் எது முதலில் கலங்கும், ஏன் என்று ஒவ்வொரு மாணவரும் நோட்டில் எழுதட்டும். காரணத்துக்கே மதிப்பெண் போடுங்கள்.