தவளைக் கருவில் புரதம் தேடுவோருக்கு உப்பு சொல்லும் பாடம்

பதினோராம் வகுப்பு விலங்கியலில் தவளை பாடம் நடத்தும்போது, "முட்டை எப்படித் தலைப்பிரட்டை ஆகிறது? உள்ளே என்ன மாறுகிறது?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. வடகிழக்குப் பருவமழை பெய்ததும் கூனிமேட்டுப் பக்கத்துக் குட்டைகளில் நுரையாகவும் நூலிழையாகவும் மிதக்கும் முட்டைகளைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு இது இயல்பான கேள்வி. இதற்கு ஆய்வகங்கள் விடை தேடும் வழி, கருவிலுள்ள புரதங்களைப் பிரித்துப் பார்ப்பது.

இந்த ஆய்வில் உலகெங்கும் பயன்படுவது தென்னாப்பிரிக்க நகத்தவளை, அதாவது ஜெனோபஸ். அதன் முட்டை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே பெரியது. அதிலுள்ள புரதத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு கருவுணவுப் புரதமே. தாயின் கல்லீரலில் உருவாகி இரத்தம் வழியாக முட்டைக்குள் வந்து சேர்ந்த சேமிப்பு அது. செல்களைப் பிரிக்கவும் உறுப்புகளை வகுக்கவும் உழைக்கும் புரதங்கள் மீதிச் சிறுபங்கில் அடங்கிவிடுகின்றன. கருவை அப்படியே கரைத்துக் கூழ்ம மின்னாற்பிரிப்பு செய்தால் கருவுணவின் தடித்த பட்டைகளே கண்ணில் படும். மொத்தப் புரதத்தை அளந்தாலும் நாம் அளப்பது பெரும்பாலும் கருவுணவைத்தான். மாதிரி தயாரிப்பதில் முக்கால்வாசி உழைப்பு இதை விலக்கத்தான்.

முதலில் முட்டையைச் சுற்றியுள்ள கூழ் உறையைச் சிஸ்டீன் கரைசலில் சில நிமிடம் வைத்து நீக்குகிறார்கள். உறைப் புரதங்களை இணைக்கும் கந்தகப் பிணைப்புகளை அது அவிழ்க்கிறது. பின்பு ஒரே வளர்நிலையிலுள்ள கருக்களை எண்ணி எடுப்பார்கள். மணிக்கணக்கை மட்டும் நம்ப முடியாது. தண்ணீர் சூடாக இருந்தால் கரு வேகமாக வளரும். அதனால்தான் 1956இல் நியூகூப்பும் ஃபேபரும் வகுத்த வளர்நிலை அட்டவணையை இன்றும் பார்க்கிறார்கள். தண்ணீரை முழுதாக வடித்து உடனே உறையவைப்பார்கள். கரு உடைந்ததும் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் வேலையைத் தொடங்கிவிடும் என்பதால், அடுத்த வேலையெல்லாம் பனிக்கட்டி மேல், நொதித் தடுப்பான் கலந்த தாங்கல் கரைசலில் நடக்கும். ஒரு கருவுக்குச் சுமார் 10 மைக்ரோலிட்டர் கரைசல் போதும்.

இங்கேதான் உப்பு வருகிறது. கருவுணவு சிறு தட்டுகளாக, கிட்டத்தட்டப் படிகம்போலவே கருவுக்குள் அடுக்கப்பட்டிருக்கிறது. உப்பு குறைந்த கரைசலில் அத்தட்டுகள் கரையா. உப்பு கூடினால் கரைந்து எல்லாவற்றோடும் கலந்துவிடும். எனவே உப்புக் குறைந்த கரைசலில் கருவை உடைத்து மையவிலக்குக் கருவியில் சுழற்றுகிறார்கள். மேலே வெண்மையான கொழுப்பு, அடியில் கருவுணவும் கரிய நிறமிகளும், நடுவில் தெளிந்த நீர். அந்த நடு அடுக்கை மட்டும் மெல்ல உறிஞ்சி எடுக்க வேண்டும். அவசரப்பட்டு அடியைத் தொட்டால் மறுபடி சுழற்ற வேண்டியதுதான். முன்பு ஃப்ரியான் என்ற கரைப்பானைக் கொண்டும் கருவுணவை நீக்கினார்கள். ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் உருவான மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு அது கிடைப்பது அரிதாயிற்று.

வகுப்பில் இதைக் காட்டக் குட்டைக்குப் போய் முட்டை அள்ள வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் தவளைகளும் உள்ளன. தவளைக்கால் ஏற்றுமதியையே இந்தியா 1987இல் நிறுத்திவிட்டது. உப்பளம் சூழ்ந்த ஊரில் நன்னீர்க் குட்டைகளே குறைவு. அதில் பிழைப்பவற்றிலும் கைவைப்பது எனக்கு ஒப்பவில்லை.

கோழிமுட்டை போதும். அதன் கருவுணவும் அதே புரதக் குடும்பம்தான். இரண்டு கண்ணாடிக் குவளைகளில் ஒவ்வொரு கரண்டி மஞ்சள்கரு எடுங்கள். ஒன்றில் பத்துக் கரண்டி தண்ணீர், மற்றதில் அதே அளவு உப்புநீர் (100 மில்லிக்கு 10 கிராம் மரக்காணம் உப்பு) ஊற்றி மெதுவாகக் கலக்குங்கள். தண்ணீர்க் குவளை பால்போல் கலங்கும். இரவு முழுதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் அடியில் வண்டல் படியும். உப்புநீர்க் குவளை அவ்வளவு கலங்காது. எந்தக் குவளை ஆய்வகக்காரருக்கு வேண்டியது, ஏன் என்று மாணவர்களையே எழுதச் சொல்லலாம். "தெளிவாக இருக்கும் குவளைதான்" என்று பலர் எழுதுவார்கள். கருவுணவு கரைந்ததால் வந்த தெளிவு அது என்று விளக்க அங்கிருந்து தொடங்குங்கள்.